விண்ணரசில் சிறியவள்

மலையின் தலையில் படிந்த பனி, விருந்து முடிந்த பின்னும் எழுந்து போக மனமில்லாத உறவினரைப் போல, பங்குனி பிறந்தும் இறங்காமல் அங்கேயே அமர்ந்திருக்க, அதன் அடியில் நீண்டு கிடந்த அசுகானியா ஏரி, ஈயத்தை உருக்கி ஊற்றி ஆறவிட்டாற்போல் ஒளியற்று, அலையற்று, தன்மீது பறந்த நாரையின் நிழலைக்கூட வாங்கிக்கொள்ள மறுத்துக் கிடந்தது. ஏரிக்கும் மலைக்கும் நடுவே சரிந்து இறங்கிய தோட்டங்களில், உறைபனி கருக்கிய ஒலிவ மரங்கள் தீப்பட்ட வீட்டின் தூண்களென நிரைநிரையாய் நின்றன. அவற்றிடையே கன்னியர் மடத்தின் கற்சுவர் தெரிந்தது. நூல்நயம் அறிந்த அன்பரே, பெருநோன்புக் காலத்து அந்தப் பிற்பகலில் அம்மடத்தின் வாயிலில் நீர் நின்றிருந்தால், முதலில் உம் செவியில் விழுந்திருப்பது வழிபாட்டுக்கு அழைக்கும் மரப்பலகையின் தட்டொலி அன்று. கிண்ணத்தின் அடியை மரக்கரண்டி சுரண்டும் ஓசையே.

வாயிலுக்கு வெளியே அமர்ந்திருந்தவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் குடும்பத்தார். அடுத்தடுத்து இருமுறை விளைச்சல் பொய்த்தது; விதைக்கென வைத்திருந்ததை உண்டார்கள்; பின்பு ஏர் மாட்டை உண்டார்கள்; பின்பு எழுந்து நடந்தார்கள். நடந்தவர்களில் மடத்து வாயில்வரை வந்து சேர்ந்தவர்களுக்கு நாள்தோறும் ஒருவேளை மொச்சைக் கஞ்சி கிடைத்தது. வந்து சேராதவர்களின் மீது வழியெங்கும் பனி மூடியிருந்தது.

பஞ்சம் மனிதரோடு நிற்கவில்லை. ஆடுகளையும் நோய் வாரிக்கொண்டு போயிற்று. ஆடு போனால் எழுத்தும் போகும் என்பதை, ஓலையிலும் தாளிலும் எழுதிப் பழகிய நாம் எளிதில் உணர மாட்டோம். அந்நாட்டில் ஏடு என்பது தோல். உரித்த தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் களைந்து, மரச்சட்டத்தில் நாற்புறமும் கயிறிட்டு இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சீவிச் சீவி, காயக் காயக் கயிற்றை இறுக்கிக்கொண்டே போனால், முடிவில் தட்டினால் பறைபோல் அதிரும் வெண்மையான தாள் ஒன்று கிடைக்கும். ஓர் ஆடு தரும் தாள் சிலவே. ஆகவே ஒரு பெரிய நூல் எழுதி முடியும்போது, ஒரு மந்தையே மேய்ச்சல் நிலத்தை விட்டெழுந்து இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வந்து படுத்துக்கொண்டது என்று சொல்லலாம். நோயில் செத்த ஆட்டின் தோலோ சட்டத்தில் இழுத்த அளவில் கண்கண்ணாய்த் தெறித்துக் கிழியும். அவ்வாண்டு ஏரிக்கரை முழுவதிலும் எழுதத் தகுந்த தோல் ஒன்றும் இல்லை.

மடத்தின் எழுத்தறையில், மைக்கூட்டுக்குள் உறைந்த மையைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள் அந்தூசா. ஐம்பதைக் கடந்தவள், மெலிந்தவள், வலக்கைச் சுட்டுவிரலின் பக்கத்தில் எழுதுகோல் அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு உடையவள். அவளைத் தலைவி அழைப்பதாக, களஞ்சியம் காக்கும் சோயி வந்து நின்றாள்.

“அம்மா கூப்பிடறாங்க, அக்கா. முகத்தப் பாத்தா நல்ல சேதி மாதிரி இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் சோயி.

தலைவி மக்ரீனா உயர்குடியில் பிறந்தவள். கணவனைக் கடற்போரில் இழந்து மடம் புகுந்தவள். முகத்தில் சுருக்கம் இருந்த அளவுக்குச் சொல்லில் வளைவு இல்லை.

“கதவச் சாத்து. குளிரு உள்ள வருது, பேச்சு வெளிய போகுது” என்றாள். பிறகு சோயியை நோக்கி, “மொச்ச எவ்வளவு இருக்குன்னு இவகிட்ட நீயே சொல்லு” என்றாள்.

“என்னத்தச் சொல்ல? பாதி மொச்ச, பாதி கல்லு. கல்ல வேகவெக்கலாம்னா வெறகு பத்தாது” என்றாள் சோயி. “குருத்தோல ஞாயிறு வரைக்கும் இழுக்கலாம் அம்மா. அதுக்கப்புறம் வாசல்ல இருக்கறவங்களோட நாமளும் போய் உக்காந்துக்க வேண்டியதுதான். ஆனா கஞ்சி ஊத்த உள்ள ஆள் இருக்காது.”

மக்ரீனா அந்தூசாவின் பக்கம் திரும்பினாள். ஏரிக்கு அப்பாலுள்ள நகரில், சென்ற இளவேனிலில் மாண்ட படைத்தலைவரின் மனைவி, கணவரின் உயிர் இளைப்பாறுவதற்காக அவர் கல்லறைக் கோயிலில் படிக்கும்படி, பழைய அருளுரைகள் அடங்கிய தொகை ஒன்றை எழுதித் தரக் கேட்டிருந்தாள். சில தாள்களை ஒன்றாய் மடித்து எழுதி முடித்த ஒவ்வொரு மடிப்புக்கட்டையும் கண்டவுடன் ஒரு படகுக் கோதுமை அனுப்புவதாய்ச் சொல்லியிருந்தாள்.

“அந்த மனுசன் உசிரோட இருந்தப்ப நம்ம கழுதையக்கூட வரின்னு சொல்லிப் பிடிச்சிட்டுப் போனாரு. செத்தப்புறம் கோதுமை அனுப்பறாரு. இந்தக் காலத்துல செத்தவங்கதான் தாராளம்” என்றாள் மக்ரீனா.

“எழுதறேன் அம்மா. தோலுக்கு எங்க போறது?”

தலைவி வடக்குச் சுவரை நோக்கினாள். அச்சுவருக்கு அப்பால் ஓர் அறை. அவ்வறையில் ஒரு பெட்டி. அப்பெட்டியில் இருந்தது ஒரே ஒரு நூல்.

“அது அக்காவோட ஏடு” என்றாள் அந்தூசா.

அவள் சொன்னது மெய். உடன்பிறந்த மூத்தவள் தோமாயிசு, இதே மடத்தில் எழுத்தராய் இருந்து, நான்கு நற்செய்திகளையும் பெரிய நெடிய பழைய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு பத்தியாக எழுதி முடித்த மறு ஆண்டு காய்ச்சலில் மறைந்தாள். அவள் எழுதிய ஏடே நெடுங்காலம் பீடத்தில் இருந்தது. அண்மையில், இப்போது எங்கும் பரவிவரும் சிறிய தொடரெழுத்தில் எழுதி வெள்ளிப்பட்டம் அடித்த புதிய நற்செய்தி ஒன்றை யாரோ ஒரு செல்வர் கொடையளிக்க, பழையது பெட்டிக்குப் போயிற்று. எனினும் அம்மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நற்செய்தி ஏடு நிலைத்திருக்கும் காலமெல்லாம், அதை எழுதியவர் இறந்த நாளில் அது பீடத்தில் ஏற்றப்படும். அன்று அவர் பெயர் சொல்லி மன்றாடுவர். ஏடு அழிந்தால் அந்த மன்றாட்டும் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நொடிப்போது, குருவின் வாயில் ‘தோமாயிசு’ என்னும் ஒலி எழுவதைக் கேட்கவே அந்தூசா மற்ற நாள்களை எல்லாம் நடந்து கடந்து வந்தாள் என்றாலும் மிகையாகாது.

“சட்டம் இருக்கே அம்மா” என்றாள் அவள்.

சட்டம் இருந்தது. நற்செய்தி ஏட்டை வெட்டவோ கழுவிச் சுரண்டவோ எவருக்கும் உரிமையில்லை. புழு அரித்தோ நீர் புகுந்தோ முற்றும் பயனற்றுப் போனதாயின் மட்டும் விலக்கு. மீறுபவர் ஓராண்டு முழுதும் திருவிருந்தில் பங்குபெறாமல் கோயில் முன்மண்டபத்தில் நிற்கவேண்டும்.

“வடக்கு அறைக் கூரையில ஓடு ஒண்ணு பனியில ஒடஞ்சுபோச்சு” என்றாள் மக்ரீனா, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவாறு. “பெட்டி அதுக்கு நேர் கீழ இருக்கு. மூடியும் வெடிச்சிருக்கு. நான் எதையும் செய்யல அந்தூசா. ஓட்ட மாத்தச் சொல்லல, அவ்வளவுதான். நாளைக்கு ஆயரோட ஆள் லெயோந்தியார் சாமி பாக்க வர்றாரு. எழுதினவளோட கூடப்பொறந்தவளே ‘கெட்டுப்போச்சு’ன்னு சொன்னா அதுக்கு மேல யாரு கேக்கப்போறா?”

“நான் சொல்லணுமா?”

“நீ சொன்னாத்தான் நம்புவாங்க. போ. போய்ப் பாரு. பாத்துட்டு, வாசலையும் ஒருதரம் எட்டிப் பாத்துட்டு வா.”

வடக்கு அறையில் சாம்பல் நிற வெளிச்சம் உடைந்த ஓட்டின் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அதே வழியே நீரும் சொட்டிற்று. அந்தூசா ஏட்டைத் தூக்கித் தன் மார்போடு அணைத்து, உலர்ந்த மூலைக்குக் கொண்டுபோய், மடிமேல் விரித்தாள்.

பின்னட்டை மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தமையால் நீர் முடிவிலிருந்து உட்புகுந்திருந்தது. கடைசித் தாளில், எழுதி முடித்த எழுத்தர் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி படிப்பவரைக் கேட்கும் சில வரிகளைச் சாதிலிங்கச் சிவப்பில் தோமாயிசு எழுதியிருந்தாள். கருமை வேறு, சிவப்பு வேறு. மாசிக்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் அன்னபேதியும் பிசினும் சேர்த்தால் பிறக்கும் கருமை, எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் படப்படக் கறுத்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலுக்குள் பல்லைப் பதித்துக்கொள்ளும். சிவப்போ தோலின்மேல் அமர்ந்திருக்கும் தூள் மட்டுமே. நீரைக் கண்டால் எழுந்து போய்விடும். தோமாயிசின் பெயர் இருந்த இடத்தில், காயம் கழுவிய நீர்போல் இளஞ்சிவப்புக் கறை ஒன்று படர்ந்திருந்தது.

யோவானின் பின்பகுதித் தாள்கள் சில ஒட்டிச் சுருங்கியிருந்தன. அவற்றுக்கு முன்னால் எல்லாம் செவ்வையாக இருந்தது. எவ்வளவு செவ்வை என்பதை அந்தூசாவின் விரல்கள் முதலில் அறிந்தன. தோலின் மயிர்ப்புறம் சற்று மஞ்சளாகவும் சதைப்புறம் வெண்மையாகவும் இருக்குமாதலால், மடிக்கும்போது மஞ்சள் மஞ்சளை நோக்கவும் வெண்மை வெண்மையை நோக்கவும் தோமாயிசு அடுக்கியிருந்தாள்; எந்தப் பக்கத்தை விரித்தாலும் இருபுறமும் ஒரே நிறம், இரட்டைப் பிள்ளைகளின் முகங்கள்போல். மழுங்கிய ஊசிமுனையால் ஒருபுறம் அழுத்திக் கிழித்த கோடு மறுபுறம் மேடாய் எழ, ஒரே கோட்டால் இரண்டு பக்கமும் நேர்பட்டிருந்தன. ஓரங்களில் நுண்ணிய எண்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முகப்பிலுள்ள அட்டவணைக்குப் போனால், ஒரு செய்தியை மற்ற மூவர் எங்கெங்கே சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். நான்கு பேர் தனித்தனியே பேசியதை ஒருவர் பேச்சுக்கு ஒருவர் செவிகொடுக்கும்படி அமர்த்திவைத்த அந்த அமைப்பை, சிறுமியாய் இருந்த நாள்தொட்டு அந்தூசா வியந்து வந்திருக்கிறாள்.

கடைசியாக ஒருமுறை முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்று முதலிலிருந்து தொடங்கினாள். மத்தேயுவில், மலைமேல் அமர்ந்து உரைத்த பகுதியில், அவள் விரல் நின்றது. பின்னோக்கிப் போயிற்று. மீண்டும் வந்து நின்றது.

கட்டளைகளில் மிகச் சிறியதொன்றை மீறி, மீறும்படி பிறர்க்கும் கற்பிப்பவர் விண்ணரசில் மிகச் சிறியவர் எனப்படுவார் என்பது அங்கே இருந்தது. அவற்றைக் கடைப்பிடித்துக் கற்பிப்பவரோ விண்ணரசில் பெரியவர் எனப்படுவார் என்று அடுத்து வரவேண்டும். வரவில்லை. அதற்கும் அடுத்த செய்தி அங்கே தொடங்கியிருந்தது.

எப்படி நேர்ந்தது என்பதை அவள் உடனே கண்டுகொண்டாள். எழுதுபவர் எவரும் கண்டுகொள்வர். பழைய எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது; பத்தி முழுதும் மதில்போல் ஒரே நெருக்கம். எழுதுபவரின் கண் மூலத்தில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வந்து தன் தாளில் இறக்கிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிறது. விட்ட இடத்தை அது அறிவது கடைசியாக எழுதிய சொல்லைக்கொண்டே. அம்மொழியில் இவ்விரு வாக்கியங்களும் ‘விண்ணரசில்’ என்னும் சொல்லோடுதான் முடியும். ‘விண்ணரசில்’ என்று எழுதிவிட்டுத் திரும்பிய கண், முதல் ‘விண்ணரசில்’ நின்ற இடத்தை விட்டு, அதற்குக் கீழே இருந்த மற்றொரு ‘விண்ணரசில்’ மேல் போய் இறங்கிற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரியவர், ஓசையின்றி ஏட்டைவிட்டு வெளியேறிவிட்டார். சரிபார்த்தவளும் தோமாயிசே. மடம் முழுதும் காய்ச்சலில் கிடந்த குளிர்காலம் அது.

பிறர் பிழையைக் கண்டால் தோமாயிசு விடமாட்டாள். “ஏடி, கண்ணு தூங்கப் போச்சா? கை மட்டும் தனியா நடந்து வந்துச்சா?” என்று எழுத்தறை முழுதும் கேட்கும்படி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அடங்கிப் பல்லாண்டுகள் ஆயிற்று. இப்பக்கமோ அத்தனை ஆண்டுகளும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இதைவிட வியப்பு ஒன்று அந்தூசாவைத் தாக்கியது. இந்தப் பக்கத்தை விரித்து அவளே பலமுறை உரக்கப் படித்திருக்கிறாள். இதற்குமுன் இருந்த குருக்களும் படித்திருக்கிறார்கள். ஒருவர்கூடத் தடுமாறியதில்லை. நெஞ்சறிந்ததை நா சொல்லிக்கொண்டு போக, கண் தான் கண்டதாகவே நம்பிக்கொண்டது. இல்லாத வரியை இருபது ஆண்டுகளாக எல்லாரும் படித்திருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது, தலைவி சொன்னபடி வாயிலை எட்டிப் பார்த்தாள். இளம்பெண் ஒருத்தி, குடித்து முடித்த கிண்ணத்துக்குள் பனியைப் போட்டு, உள்ளங்கையால் உருக்கி, அடியில் ஒட்டியிருந்த கஞ்சியின் மணத்தோடு அந்நீரைத் தன் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். அந்தூசாவைக் கண்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எழும் வலிமையும் அவளிடம் மீந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் லெயோந்தியார் வந்தார். பருத்த உடல் பஞ்சத்தில் வற்றியதால் அங்கி தொளதொளத்திருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நல்லவர், ஏமாற்றப்படுவதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தார்.

“வழியில என் கோவேறு கழுதய நாலு பேரு பாத்தாங்க சகோதரி. பாத்த பார்வையில அது பயந்து தானா வேகமா நடந்துச்சு” என்று சொல்லித் தும்மினார். பிறகு மேசைமேல் இருந்த ஏட்டின் முடிவைப் புரட்டி, ஒட்டியிருந்த தாள்களையும் இளஞ்சிவப்புக் கறையையும் கண்டு தலையசைத்தார். “அடடா. தண்ணி நல்லா எறங்கியிருக்கு. ஏன் அந்தூசா, உங்க அக்கா கை இல்ல இது? நீங்களே சொல்லுங்க. முழுசும் கெட்டுப்போச்சுதானே?”

மக்ரீனா சாளரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோயி தன் இடுப்புச் சாவிக்கொத்தை ஒலிக்காதபடி இறுகப் பிடித்திருந்தாள்.

“நனைஞ்சது கடைசிக் கட்டுங்க மட்டும்தான் சாமி. மிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் அந்தூசா.

மக்ரீனாவின் கண்கள் மூடின. லெயோந்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“நான் விவரம் கேக்கல தாயி. ‘ஆமா’ன்னு ஒரு சொல்லு. அது போதும். நான் கழுதை ஏறிடறேன்.”

“கெடல சாமி.”

“அப்படின்னா இதத் தொடக் கூடாது.”

“தொடப்போறேன். கழுவிச் சுரண்டி, படைத்தலைவரு வீட்டுக்கு எழுதப்போறேன். தண்டனைய நான் ஏத்துக்கறேன்.”

அறையில் இருந்த ஒரே மணையில் அவர் தொப்பென்று அமர்ந்தார். “இதுக்குப் பொய்யே சொல்லியிருக்கலாமே” என்றார், மனம் நொந்து. “பாவத்துலயும் லேசானது கனமானதுன்னு இருக்குல்ல?”

“நான் பொய் சொன்னா ஏடு கெட்டதுன்னு ஆகும். அது கெடல. கெடுக்கறது நான். அது அப்படியே இருக்கட்டும் சாமி.”

லெயோந்தியார் ஏட்டை மறுபடி புரட்டினார். பிறகு, கிணற்றில் விழுந்தவருக்கு இரண்டாம் கயிறு இறக்குபவர்போல் தாழ்ந்த குரலில் பேசினார்: “இன்னொரு வழி இருக்கு. பிழை மலிஞ்ச ஏடு, வரி விட்டுப்போன ஏடுன்னா, அதுவும் உதவாததுன்னு நான் ஆயர்கிட்ட வாதாடலாம். கேப்பாரு. கையால எழுதறதுதானே, எங்கயாவது ஒரு வரி விட்டுப் போயிருக்காதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

கேளும் அன்பரே. முன்னது, சொன்னால் அவளைக் காக்கும் பொய். அதை அவள் மறுத்தாள். இதுவோ, சொன்னால் அவளைக் காக்கும் உண்மை. மத்தேயுவை விரித்து ஓர் இடத்தைச் சுட்டினால் போதும். சட்டம் விலகும், தண்டனை விலகும், கோதுமையும் வரும். ஆயின் அச்செய்தி இந்தச் சுவருக்குள் நிற்காது. ஆயரின் மாளிகையில் பேசப்படும். ஏரியைச் சுற்றியுள்ள எழுத்தறைகள்தோறும் சிரிப்பாகும். சொல்லி மன்றாட ஏடில்லாமல் போகவிருக்கும் தமக்கையின் பெயர், இனி ‘நற்செய்தியில் வரி விழுங்கியவள்’ என்றே உலவும். நீர் அழித்தது போக மீந்திருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

“ஒரு வரிகூட விட்டுப்போகல சாமி. எங்க அக்கா பிழை விடமாட்டா” என்றாள் அந்தூசா.

அவர் எழுந்து, ஓராண்டு என்ற தீர்ப்பை முணுமுணுப்பாகச் சொல்லி, தும்மியபடியே வெளியேறினார். வாசல்வரை சென்று வழியனுப்பித் திரும்பிய மக்ரீனா, “நாலு பேரு சேந்து சொமக்க வேண்டியத ஒருத்தியே தூக்கி வெச்சுக்கிட்டியே. இதுக்குப் பேரு பணிவா, திமிரா?” என்று கேட்டாள். அந்தூசாவுக்கே தெரியவில்லை.

அன்றே தையலை அறுத்தாள். மரப்பலகைகளை நீக்கினாள். மடிப்புக்கட்டுகளைப் பிரித்துத் தாள்தாளாக அடுக்கினாள். பாலும் தவிட்டு நீரும் கலந்து ஊறவைப்பது வழக்கம். பால் இல்லாமையால் தவிட்டை மட்டும் கரைத்தாள். தாளை அதில் மூழ்கவிட்டு, எடுத்துப் பலகைமேல் பரப்பி, கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்து, எஞ்சியதை நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி தூவி, சுருங்காதபடி கல்லேற்றி உலர்த்தவேண்டும். சோயி உதவிக்கு வந்தாள். முதல் தாளிலேயே அழுதுவிட்டு, “தவிடு கண்ணுல பட்டுடுச்சு” என்றாள்.

ஒரு தாளை மட்டும் அந்தூசா ஒதுக்கி வைத்திருந்தாள். மற்றவை எல்லாம் முடிந்தபின், தனியே இருந்தபோது, அதை எடுத்தாள். சிலந்தி இழைபோல் மெல்லிய முனை சீவிய நாணற்கோலை எடுத்தாள். மத்தேயுவின் அந்தப் பத்தியின் ஓரத்தில், தமக்கையின் எழுத்தைப் போலவே தூக்கி, வளைத்து, விடுபட்ட வரியைக் கருமையில் எழுதிச் சேர்த்தாள். எங்கே நுழையவேண்டும் என்று காட்டும் குறியையும் இட்டாள். வெளிறி எழுந்த எழுத்து கறுக்கட்டும் என்று ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தாள். பின்பு முழுமையடைந்த அந்தப் பக்கத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை, இம்முறை நெஞ்சால் அன்று, கண்ணால், எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் தவிட்டு நீரில் அதை மூழ்கவிட்டாள்.

புதிய மைக்கு வேர் இல்லை. கடற்பஞ்சு ஒருமுறை பட்டதும் அவள் எழுதிய வரி சுவடின்றிக் கரைந்து போயிற்று. தமக்கையின் எழுத்தோ அவ்வளவு எளிதில் விடவில்லை. எத்தனை தேய்த்தும், சாய்ந்த ஒளியில் பார்த்தால், வற்றிய ஆற்றின் தடம்போல் பழுப்பாய்த் தோலுக்குள் நின்றது. அப்படித்தான் ஆகும் என்பது அந்தூசாவுக்கு மை ஊற்றும்போதே தெரியும். மை வேலையில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

தாள்களைக் குறுக்காகத் திருப்பி, நடுவில் மடித்து, பழைய பத்திகள் படுக்கையாய்க் கிடக்க, அவற்றின்மேல் புதிய சிற்றெழுத்தில் அருளுரைகளை எழுதலானாள். முதல் மடிப்புக்கட்டு ஏரியைக் கடந்து போயிற்று. படகு திரும்பி வந்தது. சோயி மூட்டையின் வாயை அவிழ்த்து, கோதுமையில் கையை முழங்கைவரை நுழைத்து, அப்படியே நின்றாள். வாயிலில் இருந்தவர்களுள் பலருக்கு அது நேரத்தில் வந்தது. பனியை உருக்கிப் புகட்டிய இளம்பெண்ணுக்கு வந்தது. அவள் குழந்தைக்கு வரவில்லை.

உயிர்ப்பு விழாவன்று எல்லாரும் விளக்கேந்திக் கோயிலுக்குள் நுழைய, அந்தூசா முன்மண்டபத்தின் குளிர்ந்த கல்தரையில் நின்றாள். உள்ளே பிட்கப்பட்ட அப்பம் அவள் வாங்கித் தந்த கோதுமையால் ஆனது. மணம் வெளியே வந்தது; அப்பம் வரவில்லை. கோடையில் தோமாயிசு இறந்த நாளும் வந்தது. பீடத்தில் ஏற்ற ஏடு இல்லை. குரு ஒரு பெயரும் சொல்லவில்லை. முன்மண்டபத்தில் இருந்தபடி அந்தூசா அந்தப் பெயரைத் தன் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உதடு அசைந்ததை மக்ரீனா கண்டாள்; காணாதவள்போல் கடந்து போனாள்.

கடைசி மடிப்புக்கட்டை எழுதி முடித்த இலையுதிர் காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தண்டனை முடிய இன்னும் பல திங்கள்கள் இருந்தன. எனினும் இறப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கலாகாது என்பதும் சட்டமே. லெயோந்தியார் மழையில் நனைந்து வந்து சேர்ந்தார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியா தாயி? வேற ஏதாச்சும் மனசுல இருக்கா?” என்று குனிந்து கேட்டார்.

கேட்டவர், அன்று இரண்டாம் கயிறு இறக்கியவர். இப்போதும் அதே கயிறுதான் இறங்கியது. அதைப் பற்றித் திருவிருந்தைப் பெற வேண்டுமானால், அன்று சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு அவள் ஒரு பெயரைக் கைவிடவேண்டும்.

“வருசம் முடியல சாமி” என்றாள். “வெளியவே நிக்கறேன்.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வாறே விடியுமுன் அடங்கினாள்.

அடக்கத்தின்போது லெயோந்தியார், இறக்கும் தறுவாயிலும் தண்டனையில் ஒரு நாளைக்கூடக் குறைத்துக்கொள்ள மறுத்த இப்பணிவைப் போல் தாம் கண்டதில்லை என்று சொன்னார். கேட்டவர் எல்லாரும் அழுதனர். மக்ரீனா மட்டும் அழவில்லை. மறுநாள் ஆளைக் கூப்பிட்டு வடக்கு அறையின் ஓட்டை மாற்றச் சொன்னாள்.

படைத்தலைவரின் கல்லறைக் கோயிலில் அந்நூல் நெடுங்காலம் படிக்கப்பட்டது. மாலை வெயில் மேற்குச் சாளரத்தால் சாய்ந்து விழும் வேளையில், ஒரு குறித்த பக்கத்தை விரித்து வைத்திருந்தால், அருளுரையின் வரிகளுக்கு அடியில் குறுக்காக, பழுப்பாக, நெடிய பழைய எழுத்துகள் சில நிமிர்ந்து வரும். கட்டளைகளில் சிறியதொன்றை மீறுபவர் விண்ணரசில் சிறியவர் எனப்படுவார் என்பதுவரை அவற்றைப் படிக்கலாம். அதற்கு அடுத்தது அங்கே இல்லை; ஒருத்தி கண் தவறி விட்டாள், மற்றொருத்தி கண்ணறிய எழுதி அழித்தாள். பிழையை ஆண்டுகள் ஆழப் பதித்துவிடுகின்றன; திருத்தமோ அன்று எழுதிய ஈரத்தோடு போய்விடுகிறது. விண்ணரசில் அவளை எவ்வாறு அழைக்கிறார்கள் என்று மண்ணில் எழுதும் நாம் சொல்லவல்லோம் அல்லோம். இங்கே அவள் உண்ணக் கொடுத்தவர்கள் அவள் பெயரை அறியாமலே உண்டு, பிழைத்து, அந்த இளவேனிலிலேயே தத்தம் ஊர்களுக்குத் திரும்பி நடந்தார்கள். வழியில் பனி உருகத் தொடங்கியிருந்தது.